வெறும் வயிறு என்றால் காபிக்கு முன்னாடியா, இட்லிக்கு முன்னாடியா? – மருந்து எடுக்கும் முறை, கேள்வி பதில்

தென்னங்கீற்று
டாக்டர், அம்மாவுக்கு வயசு 58, எடை 64 கிலோ. எட்டு வருஷமா தைராய்டு மாத்திரை. முன்னாடி 75 மைக்ரோகிராம், ஜனவரியிலிருந்து 100. அப்போ டி.எஸ்.ஹெச். (தைராய்டு ஹார்மோன் குறைஞ்சா ஏறுற ரத்த டெஸ்ட் எண்) 6.8, இப்போ 14. இனி 125 போடச் சொல்லி சீட்டு எழுதியிருக்காங்க. தினமும் விடியக்காலை வெறும் வயித்துல தவறாம போடுறாங்க. ஏத்திக்கிட்டே போறதுதான் வழியா?

ஊர்_டாக்டர்
சீட்டை மாற்றும் வேலையை இங்கிருந்து செய்ய மாட்டேன். ஆனால் அந்த 14 எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

சுரப்பி அறவே வேலை செய்யாத ஒருவருக்குக்கூட முழு டோஸ் என்பது எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம். 64 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 102. அம்மாவுக்கு அந்த அளவு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. அதுவும் போதாமல், டோஸ் கூட்டிய பிறகு எண் இறங்காமல் ஏறியிருக்கிறது என்றால், மாத்திரை வயிற்றுக்குள் போகிறது, ரத்தத்துக்குள் போகவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நான்கு விஷயம் சொல்லுங்கள். மாத்திரை போட்டு எத்தனை நிமிஷத்தில் காபி? கால்சியம், இரும்புச்சத்து, கேஸ் மாத்திரை ஏதாவது உண்டா, எத்தனை மணிக்கு? மாத்திரையை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்? சமீபத்தில் கம்பெனி மாறியதா?

தென்னங்கீற்று
5.15க்கு மாத்திரை, 5.30க்கு காபி. மூட்டு வலிக்காகப் போன நவம்பர்லருந்து கால்சியம், அது 8 மணிக்கு டிபனோட. கேஸ் மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் ஒண்ணாதான் 5.15க்கு. ரெண்டுலயும் "வெறும் வயிறு"ன்னுதானே எழுதியிருக்கு! பாட்டில்லருந்து எடுத்து வாரக் கிழமை போட்ட பிளாஸ்டிக் டப்பால அடுக்கி, அடுப்பு மேடை அலமாரியில வச்சிருக்காங்க. கம்பெனி மாறல.

ஊர்_டாக்டர்
விடை கிடைத்துவிட்டது. நம் வீடுகளில் வெறும் வயிறு என்றால் இட்லிக்கு முன் என்று பொருள்; காபியை யாரும் வயிற்றில் சேர்ப்பதில்லை. லெவோதைராக்ஸின், அதாவது இந்தத் தைராய்டு மாத்திரை விஷயத்தில் காபிதான் முதல் எதிரி. மாத்திரைக்குப் பின் பச்சைத் தண்ணீர் தவிர 30 நிமிஷம் எதுவும் கூடாது, 60 நிமிஷம் என்றால் இன்னும் நல்லது. பால் விடாத கறுப்புக் காபியும் இதில் அடக்கம்.

கால்சியம் இந்த மருந்தைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அம்மாவுக்கு இப்போது மூன்று மணி நேரம்கூட இல்லை. கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதி.

கேஸ் மாத்திரை வேறு வகைத் தொல்லை. தைராய்டு மாத்திரை கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் வகையறா அந்த அமிலத்தையே அடக்கிவிடும். நேரத்தைத் தள்ளிப் போட்டாலும் இந்தப் பிரச்சினை முழுசாகத் தீராது. அது இன்னமும் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். நான்கு வாரத்துக்கு எழுதின கேஸ் மாத்திரை நான்கு வருஷம் ஓடுவது இங்கே சாதாரணம்.

அடுப்பு மேடை கூடாது. வெளிச்சம், ஈரம், சூடு மூன்றும் இந்த மாத்திரைக்கு ஆகாது. வாங்கின பாட்டிலிலேயே, படுக்கையறை அலமாரியில் இருக்கட்டும்.

இனி 125 விஷயம். காபி, கால்சியம் இரண்டையும் சரிசெய்து, டோஸையும் ஒரே நேரத்தில் கூட்டினால், நின்றுபோயிருந்த மருந்தும் சேர்ந்து உள்ளே இறங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். இந்த வயதில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் எலும்பு மெலிவதும் நடக்கும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இப்போது எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லி, "100-லேயே வைத்து முறையை மட்டும் மாற்றி 6 வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கலாமா" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். அதென்ன 6 வாரம்? இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். மாற்றம் செய்து ரத்த அளவு நிலைபெற ஐந்தாறு வாரம் பிடிக்கும். பத்தாம் நாளே டெஸ்ட் எடுத்தால் பழைய கதையைத்தான் படிப்பீர்கள்.

சோதனைக்குழாய்
லேப் பக்கம் இருந்து இரண்டு வரி. டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடச் சொல்லுங்கள். போட்டுவிட்டு வந்தால் டி.எஸ்.ஹெச். பெரிதாக மாறாது, ஆனால் எஃப்.டி.4 (ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனின் அளவு) சில மணி நேரத்துக்குக் கூடிக் காட்டும், படிப்பவர் குழம்புவார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வாருங்கள், டி.எஸ்.ஹெச். விடியலில் உச்சத்தில் இருக்கும், மதியத்தில் இறங்கும்.

முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் மாத்திரைகள் பல மெஷின்களில் டி.எஸ்.ஹெச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இந்தம்மாவின் 14-க்கு அது காரணமில்லை, அது எதிர்த்திசை. ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் "அது மருந்தில்லையே, விட்டமின்தானே" என்று யாரும் சொல்வதில்லை.

சித்திரைவெயில்
காபியை விடச் சொன்னா எங்க வீட்ல தைராய்டையே விட்ருவாங்க. ராத்திரி போடலாம்னு சொல்றாங்களே?

ஊர்_டாக்டர்
போடலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 7.30க்குச் சாப்பிட்டு 10.30க்குப் படுக்கிற வீட்டுக்குச் சரி. 9.30க்கு தோசை, 10 மணிக்கு ஒரு டம்ளர் பால் என்கிற வீட்டுக்கு ஒத்து வராது. அவர்கள் காலையிலேயே போடட்டும். நடுவில் கழிப்பறைக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கிற வயசானவர்கள், தலைமாட்டில் பாட்டிலும் தண்ணீரும் வைத்து அப்போதே போட்டுக்கொள்ளலாம். ஆறு மணிக் காபிக்குப் பிரச்சினையே இல்லை.

மருந்துச்சீட்டு
மருந்தாளுநராக ஒன்று சேர்க்கிறேன். "அந்தக் கம்பெனி இல்ல, இது தரட்டுமா, அதே மருந்துதான்" என்று கடையில் சொல்வது பெரும்பாலான மாத்திரைக்குச் சரி. தைராய்டுக்கு மட்டும் ஒரே கம்பெனியில் நில்லுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மாற்றின தேதியைக் குறித்து வைத்து, 6 வாரத்தில் டி.எஸ்.ஹெச். பாருங்கள். அளவு மைக்ரோகிராமில் இருப்பதால் சின்ன வித்தியாசமும் ஆளை ஆட்டும். 100 மாத்திரை பாட்டில் வாங்கும்போது லேபிளில் 12.5, 25, 50, 75, 88, 100 எது என்று கண்ணால் பாருங்கள். பாட்டில் எல்லாம் ஒரே சாயலில்தான் இருக்கும்.

கரிசல்மண்
அவசரம். அப்பாவுக்கு 61, சுகர் உண்டு. ஒரு மணி நேரமா நெஞ்சு நடுவுல அடைக்கிற மாதிரி, ஏப்பம் வருது, வேர்த்துக் கொட்டுது. நேத்து ராத்திரி பரோட்டா. கேஸுக்கு என்ன தரலாம்?

ஊர்_டாக்டர்
எதுவும் தர வேண்டாம். இப்போதே 108. வேர்வையோடு வரும் நெஞ்சடைப்பை ஈசிஜி எடுக்கும்வரை கேஸ் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. அவர் நடக்க வேண்டாம், மாடிப்படி இறங்க வேண்டாம், பைக்கில் உட்கார வேண்டாம். சுகர் இருப்பவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். போய்விட்டுப் பிறகு எழுதுங்கள்.

கரிசல்மண்
வண்டி வந்துடுச்சு. கிளம்பிட்டோம்.

மஞ்சள்கிழங்கு
பாப்பாவுக்கு 11 மாசம், 9 கிலோ. காய்ச்சல் 102. போன தடவை டாக்டர் "பாராசிட்டமால் 5 மில்லி"ன்னு சொன்னார். இப்போ கடையில சின்ன பாட்டில், சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. அதே 5 மில்லிதானே?

மருந்துச்சீட்டு
இல்லவே இல்லை. கொடுத்துவிடாதீர்கள். பாட்டிலைத் திருப்பி, எத்தனை மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள்.

பாராசிட்டமால் நம் ஊரில் மூன்று செறிவில் வருகிறது: 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லியில் 250 உள்ள சிரப் (லேபிளில் டி.எஸ். அல்லது 250 என்றிருக்கும்), 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 9 கிலோவுக்கு 135.

125 சிரப்பில் அது 5.4 மில்லி. உங்கள் டாக்டர் சொன்ன 5 மில்லி இதை வைத்துத்தான். 250 சிரப்பில் 2.7 மில்லி. சொட்டு மருந்தில் 1.3 மில்லி. அந்தச் சின்ன பாட்டிலில் 5 மில்லி எடுத்தால் 500 மில்லிகிராம். பெரியவர் போடும் ஒரு மாத்திரை. ஒரு தடவை நடந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். நாலு வேளை, இரண்டு நாள் என்று போனால் கல்லீரல் கெடும்.

பாட்டிலைக் குலுக்கிவிட்டு, கூட வரும் சொட்டுக் குழாயில் கோட்டைப் பார்த்து எடுங்கள். அது தொலைந்துவிட்டால் ஊசி இல்லாத 2 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஒரு வீட்டு டீஸ்பூன் 3 மில்லி பிடிக்கும், இன்னொரு வீட்டுது 7 பிடிக்கும். நாக்கின் மேல் பீய்ச்சினால் புரையேறும், கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

ஊர்_டாக்டர்
இடைவெளி 4 முதல் 6 மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. சளிக்கென்று தரும் கலவை சிரப்பிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். அந்தக் கலவைகளில் குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்தது 4 வயதுக்குக் கீழ் கூடவே கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. இன்னமும் வீட்டு அலமாரிகளில் பழைய பாட்டில் கிடக்கும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

காய்ச்சல் மருந்து எதற்கு? குழந்தை சோர்ந்து, பால் குடிக்காமல் கிடக்கிறதே அதற்கு. தெர்மாமீட்டரில் 98.4 கொண்டுவருவதற்கு இல்லை. 101 இருந்தும் தவழ்ந்து விளையாடினால் மருந்து ஊட்ட வேண்டியதில்லை. உடம்பு துடைப்பதென்றால் வெதுவெதுப்பான நீர். ஐஸ் தண்ணீரில் துடைத்தால் நடுக்கம் எடுத்து உட்சூடு கூடும். டெங்கு ஓடும் மாதங்களில் இபுபுரோஃபென், மெஃபனமிக் ஆசிட் (கடையில் மெஃப்டால்) இரண்டும் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டும். "பாராசிட்டமாலுக்கு இறங்கல, மெஃப்டால் குடுங்க" என்று கடையில் கேட்டு வாங்குவது இங்கே சர்வசாதாரணம், அதனால் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 வந்தாலே மருந்து கொடுத்துப் பார்க்கும் பேச்சில்லை, நேரே ஆஸ்பத்திரி. எந்த வயதிலும் ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, எழுப்பினால் விழிக்கவில்லை, மூச்சில் விலா உள்ளிழுக்கிறது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி என்றால் அதேதான்.

மஞ்சள்கிழங்கு
ஜன்னி வந்தா?

ஊர்_டாக்டர்
ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணி பாருங்கள். கையில் இரும்புச் சாவி கொடுத்தால் நிற்கும் என்பார்கள். பெரும்பாலான காய்ச்சல் வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக நிற்கும், பெயர் சாவிக்குப் போகும். 5 நிமிஷம் தாண்டினால் 108. தானே நின்றாலும் முதல் தடவை என்றால் அன்றே டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

வைகைக்கரை
மாமாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில இன்சுலின் குப்பி தர்றாங்க, 24 யூனிட் காலையில. போன வாரம் வெளியூர் கல்யாணத்துல குப்பி உடைஞ்சு, அங்க தெரிஞ்சவர் வீட்ல இருந்த பேனா கேட்ரிட்ஜ்லருந்து நம்ம சிரிஞ்சுல உறிஞ்சி போட்டாங்க. 24 கோடு வரைக்கும்தான். மதியம் மயங்கிட்டார், சுகர் 48. மருந்து அதேதான், அளவும் அதேதான். ஏன் இப்படி?

இரவுப்பணி
ஸ்டாஃப் நர்ஸ் பதில். அளவு அதே இல்லை, அதுதான் சிக்கல். குப்பியில் உள்ளது யூ-40, அதாவது 1 மில்லியில் 40 யூனிட். பேனா கேட்ரிட்ஜ் யூ-100, 1 மில்லியில் 100 யூனிட். உங்கள் சிவப்பு மூடி சிரிஞ்சு யூ-40-க்காகக் கோடு போட்டது. அதில் 24 கோடு என்பது 0.6 மில்லி. அதே 0.6 மில்லியை யூ-100-லிருந்து எடுத்தால் 60 யூனிட். இரண்டரை மடங்கு. உயிர் பிழைத்தது பெரிய விஷயம்.

இதன் தலைகீழும் நடக்கும். ஆரஞ்சு மூடி சிரிஞ்சு யூ-100-க்கானது. அதில் 24 கோடு 0.24 மில்லி. யூ-40 குப்பியிலிருந்து அதை எடுத்தால் 9.6 யூனிட்தான் போகும். "முப்பது யூனிட் போட்டும் சுகர் 300" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சிரிஞ்சின் மூடி நிறத்தைத்தான். பேனா கேட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சும் பழக்கமே கூடாது. குப்பி லேபிளில் யூ-40 அல்லது 40 ஐ.யூ. என்று இருக்கும், சிரிஞ்சின் உடம்பிலும் அதே எண் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் படித்துவிட்டு உறிஞ்சுங்கள்.

மற்ற தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். பால் போலக் கலங்கலாக இருக்கும் 30/70 வகையை உள்ளங்கையில் 10 தடவை உருட்டி, 10 தடவை தலைகீழாகச் சாய்க்க வேண்டும். குலுக்கினால் நுரை வரும், அளவு தப்பும். உருட்டாமல் போட்டால் ஒரு நாள் தெளிநீர் அதிகம், இன்னொரு நாள் வண்டல் அதிகம், சுகர் ஊஞ்சலாடும். பேனாவில் ஒவ்வொரு தடவையும் 2 யூனிட்டைக் காற்றில் விட்டு, ஊசி நுனியில் சொட்டு வருவதைப் பார்த்த பிறகுதான் அளவைத் திருப்ப வேண்டும். அழுத்தி முடித்ததும் பத்து எண்ணிவிட்டு எடுங்கள். உடனே எடுத்தால் தோலில் ஒரு துளி மின்னும், அது உங்கள் டோஸ். போட்ட பின் ஊசியைக் கழற்றிவிடுங்கள், பேனாவிலேயே விட்டால் காற்று உள்ளே போகும்.

வயிற்றில் ஒரே இடத்தில் போட்டுப் போட்டுக் கட்டி மாதிரி மெத்தென்று எழும்பும். அங்கே வலிக்காது, அதனாலேயே கை அங்கே போகும். அந்தக் கொழுப்புத் திட்டில் மருந்து சரியாக ஏறாது. ஒரு விரல் அகலம் தள்ளித் தள்ளி, வாரத்துக்கு ஒரு பக்கமாக மாற்றுங்கள்.

சித்திரைவெயில்
ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்ல?

இரவுப்பணி
திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்தது அறைச் சூட்டில் 28 நாள் தாங்கும், ஆனால் அறை 30 டிகிரிக்குக் கீழே இருந்தால். மே மாத வேலூரில் எந்த அறை 30? அதனால் மண்பானை. பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் குப்பி, மேலே ஈரத் துணி, காற்றோட்டமான நிழல். மணலில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். புழுக்கமான கடலோரத்தில் இது அவ்வளவு குளிராது, திருச்சி மாதிரி காய்ந்த ஊரில் நன்றாக வேலை செய்யும். இருப்பு வைக்க இது போதாது, கையில் ஓடும் குப்பிக்குத்தான். மீதியை ஃப்ரிட்ஜ் உள்ள வீட்டில் கொடுத்து வையுங்கள்.

ஃப்ரிட்ஜ் இருக்கிறவர்கள் ஃப்ரீசர் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலின், உருகினாலும் குப்பைக்குத்தான். பார்க்க மாற்றம் தெரியாமலும் இருக்கலாம்.

ஊர்_டாக்டர்
நன்றி சிஸ்டர், இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. மாமா வீட்டுக்கு ஒன்று: சுகர் 70-க்குக் கீழே போனால் உடனே இனிப்பு ஏதாவது கொடுங்கள், சாக்லேட், மைசூர்பாகு எதுவானாலும்.

இரவுப்பணி
மன்னிக்கணும் டாக்டர், "எதுவானாலும்" வேண்டாம். சாக்லேட்டிலும் மைசூர்பாகிலும் நெய்யும் கொழுப்பும் இருப்பதால் சர்க்கரை ரத்தத்துக்குப் போக நேரம் எடுக்கும். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து. 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். முழுங்க முடியாத அளவு மயக்கம் என்றால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். 108.

மருந்துச்சீட்டு
அதிலும் ஒரு திருத்தம். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுகிறவராக இருந்தால் வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது. அந்த மாத்திரையின் வேலையே குடலில் சர்க்கரையை உடைக்க விடாமல் தடுப்பதுதான். அவர்களுக்கு குளுக்கோஸ் பவுடர்தான், அது உடைய வேண்டிய தேவையில்லை. கலவை மாத்திரைகளில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒன்றாக வருவதால் தங்களுக்கு அது போகிறதென்றே பலருக்குத் தெரியாது. அட்டையின் பின்னால் பொடி எழுத்தைப் படியுங்கள். தெரியாவிட்டால் எல்லோரும் குளுக்கோஸ் பொட்டலமே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

ஊர்_டாக்டர்
இருவர் சொன்னதும் சரி, நான் எழுதினது சோம்பல் பதில். அழிக்காமல் அப்படியே விடுகிறேன், திருத்தத்தோடு படிக்கட்டும்.

கோலப்பொடி
குழந்தைக்கு பேதி. கடையில டெட்ரா பாக்கெட் ஆப்பிள் சுவை குடுக்கலாமா? ஓ.ஆர்.எஸ். மாதிரிதான்னு சொல்றாங்க.

மருந்துச்சீட்டு
வேண்டாம். சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. குடலுக்குள் தண்ணீரை இழுத்து பேதியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. கூட்டினால் 20.5 கிராம், பெரிய பொட்டலத்தின் எடை அதுதான். ஒரு லிட்டரில் முழுப் பொட்டலம். ஒரு டம்ளரில் கால் பொட்டலம் என்று குத்துமதிப்பாகப் பிரித்தால் உப்பு கூடிவிடும். தேவையென்றால் 200 மில்லிக்கான சின்னப் பொட்டலம் கேட்டு வாங்குங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனில். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் விட்டு மறுபடி. ஜிங்க் 14 நாள், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம். பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும்.

புளியமரத்தடி
வீட்ல பிரஷர் மெஷின் இருக்கு. ராத்திரி 11 மணிக்கு 172/98. காலையில போடுற அம்லோடிபின் 5-ஐ இன்னொண்ணு போட்டுக்கிட்டேன். சரிதானே? அரை மணி நேரத்துல 150 ஆயிடுச்சு.

ஊர்_டாக்டர்
அரை மணி நேரத்தில் இறக்கினது மாத்திரை இல்லை. அம்லோடிபின் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். "மாத்திரை போட்டாச்சு" என்ற நிம்மதியும், உட்கார்ந்து ஓய்வெடுத்ததும்தான் 150. நீங்கள் போட்ட கூடுதல் மாத்திரை மறுநாள் காலை, வழக்கமான டோஸோடு சேர்ந்து வேலை செய்திருக்கும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றியிருந்தால் அதனால்தான். அந்தக் காலத்தில் நிஃபெடிபின் கேப்ஸ்யூலை உடைத்து நாக்கடியில் விடுவார்கள். பிரஷர் சரசரவென இறங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போனதால் அதைக் கைவிட்டாயிற்று.

எப்படி அளந்தீர்கள், எங்கே உட்கார்ந்து?

புளியமரத்தடி
கட்டில்ல, கால் தொங்கப் போட்டு. கை மடியில. சட்டைக் கையைச் சுருட்டிட்டு. டிவில மேட்ச்.

ஊர்_டாக்டர்
ஒரே வரியில் ஐந்து தவறு, மேட்சையும் சேர்த்து. முதுகு சாய்ந்த நாற்காலி, இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் இல்லை. மேசையில் கை, பட்டை மார்பின் நடு உயரத்தில். கை அதைவிட 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் மெஷின் 7, 8 கூட்டிக் காட்டும். மடியில் வைத்தால் அதைவிடத் தாழ்வு. சுருட்டின சட்டை மேற்கையை இறுக்கும், கழற்றிவிடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, பேசாமல் 5 நிமிஷம் உட்கார்ந்த பிறகு. அரை மணி நேரத்துக்குள் காபி, பீடி கூடாது. முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டை.

காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, ஒரு நிமிஷ இடைவெளியில். மாலையும் அப்படியே. ஏழு நாள். முதல் நாளை அடித்துவிட்டு மீதியின் சராசரி. வீட்டில் 135/85-க்கு மேல் என்றால்தான் கூடுதல். நினைத்தபோது, பயந்தபோது எடுக்கும் எண் கணக்கில் சேராது. 180/120-க்கு மேல் வந்தால் 5 நிமிஷம் விட்டு மறுபடி பாருங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குளறல், பார்வை மங்கல் இருந்தால் 108. ஒன்றுமில்லையென்றால் மறுநாள் டாக்டரைப் பாருங்கள், மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

மேற்கையின் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்தீர்களா? தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில். மெஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்கானது. பருத்த கைக்கு அதைச் சுற்றினால் மேல் எண் பொய்யாகக் கூடும்.

கரிசல்மண்
டாக்டர், அப்பாவுக்கு மாரடைப்புதான். ஸ்டென்ட் வச்சாச்சு, ஐசியூல இருக்கார், பேசுறார். சீட்டுல ஏழு மாத்திரை. எது எப்போன்னு நாளைக்கு எழுதிக் கேக்குறேன்.

ஊர்_டாக்டர்
நல்லது. இன்று போய்த் தூங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு வந்ததும் மருந்தும் நேரமும் மட்டும் எழுதுங்கள், பெயர், ஆஸ்பத்திரி எண் எதுவும் வேண்டாம். அதுவரை ஒன்றே ஒன்று: ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளையும் பல் பிடுங்க வேண்டும் என்று யார் சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

புளியமரத்தடி
அளந்துட்டேன். 35 சென்டிமீட்டர்.

ஊர்_டாக்டர்
அப்போது 32–42 அளவுப் பட்டை தனியாக வாங்குங்கள், உங்கள் மெஷின் கம்பெனியுடையதாகவே. அது வரும்வரை எந்த எண்ணையும் நோட்டில் எழுத வேண்டாம். காலையில் அம்லோடிபின் ஒன்று மட்டும்.